‘நீ என்கூட வந்துடு’ என்று ஹெட் கோச் சொன்னால் போதுமா?

நியூஜெர்சியிலிருந்து ஒரு தாய் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய ஒரே மகனுக்கு வயது 27. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளி அணியில்கூட இடம் கிடைக்கவில்லை, ஆனால் கூடைப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஓஹாயோவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்த நான்கு ஆண்டும் ஆண்கள் கூடைப்பந்து அணியில் மாணவ மேனேஜர். “தண்ணி பாட்டிலும் துண்டும் தூக்கினான்” என்கிறார் அம்மா. பிறகு அதே அணியில் இரண்டு ஆண்டு கிராஜுவேட் அசிஸ்டென்ட். மேல்படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கவில்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம் கிடைத்தது. இப்போது வீடியோ கோஆர்டினேட்டர். ஆண்டுக்கு 34,000 டாலர். சீசனில் வாரம் எழுபது மணி நேரம் வேலை.

இந்த வசந்தத்தில் அவருடைய ஹெட் கோச் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். “நீ என்கூட வந்துடு. முதல்ல ஆபரேஷன்ஸ் பாரு, 48,000 வாங்கித் தர்றேன். ஒரு வருஷத்துல அசிஸ்டென்ட் கோச் ஆக்கிடுறேன்” என்று ஃபோனில் சொல்லியிருக்கிறார். எழுத்தில் எதுவும் வரவில்லை. அதே வாரம் பென்சில்வேனியாவில் கல்லூரி விளையாட்டின் இரண்டாம் அடுக்கான டிவிஷன் 2-இல் இருக்கும் ஒரு சிறிய கல்லூரி அசிஸ்டென்ட் கோச் வேலைக்குக் கடிதமே அனுப்பிவிட்டது. 41,000 டாலர், வளாகத்துக்குள் குடியிருக்க ஓர் அபார்ட்மென்ட். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். பையன் கோச்சோடு போகவே விரும்புகிறார். இருக்கிற வேலையை வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்யப்போகிறாராம்.

அப்பாவோ, “பி.டி. வாத்தியார் ஆகவா இவனை அமெரிக்காவுல படிக்க வச்சோம்?” என்று பேச்சையே நிறுத்திவிட்டார். அம்மாவின் கேள்விகள் இவை. இது நிலையான தொழில்தானா? ஆறு வருஷ சர்வீஸ் ஆகிவிட்டதே, அடுத்த பதவி தானாக வராதா? இரண்டு வேலையில் எது நல்லது? பெண் பார்க்கும் இடத்தில் என்ன சொல்வது? கடைசியாக ஒரு வரி: “ஃபைனான்ஷியல் அட்வைசர் ஒருவர் ரெண்டு தடவை இவனை டின்னருக்குக் கூட்டிப்போனாராம். நல்லா ஆடுற பசங்களை அறிமுகப்படுத்தி வச்சா மாசம் ஆயிரம் டாலர் கன்சல்டிங் ஃபீஸ் தர்றாராம். இப்பல்லாம் ஆடுற பசங்களே பணம் வாங்கறது சட்டப்படி ஆயிடுச்சாமே, இவனும் அதையாவது வாங்கிக்கலாமா?”

அம்மா, உங்கள் வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. பல்கலைக்கழகப் பணி ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணுக்கு உங்கள் கடைசி வரிதான் முதலில் பட்டது.

அந்த ஆயிரம் டாலர்

வேண்டாம். ஒரு டாலர்கூட வேண்டாம்.

2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. கல்லூரிக் கூடைப்பந்து தொடர்பாகப் பத்துப் பேரைக் கைது செய்தது. அதில் நான்கு பேர் ஹெட் கோச்சுக்கு அடுத்த நிலையில் இருந்த பயிற்சியாளர்கள். ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், அரிசோனா, யு.எஸ்.சி. என நாலும் பெயர் பெற்ற இடங்கள். நாளைக்கு தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போகப்போகிற பையனிடம் “உன் பணத்தை இவரிடம் கொடு” என்று கைகாட்டிவிட லஞ்சம் வாங்கினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. உங்கள் மகனிடம் கேட்கப்பட்டதும் அதேதான். நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அரிசோனாவின் புக் ரிச்சர்ட்சன் வாங்கியது 20,000 டாலர், ஓக்லஹோமா ஸ்டேட்டின் லமான்ட் எவன்ஸ் வாங்கியது 22,000. இருவருக்கும் மூன்று மாதச் சிறை. யு.எஸ்.சி.யின் டோனி பிளாண்ட் ஒப்புக்கொண்ட தொகை 4,100 டாலர்தான். சிறை இல்லாமல் இரண்டு ஆண்டு ப்ரொபேஷனோடு தப்பினார், வேலை போயிற்று. உங்கள் மகனுக்குப் பேசியிருக்கிற கணக்கில் 4,100 என்பது நாலு மாசப் பணம். அந்த வழக்கில் எந்த ஹெட் கோச் மீதும் கிரிமினல் குற்றம் சாட்டப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மத்திய அரசிடமிருந்து ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் நிதி பெறும் எந்த நிறுவனத்தின் ஊழியர் லஞ்சம் வாங்கினாலும் அது மத்திய அரசின் வழக்காகிவிட முடியும். பல்கலைக்கழகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். ‘கன்சல்டிங்’ என்று ரசீது போட்டாலும், பணம் எதற்காகக் கைமாறியது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது சரி. 2021 ஜூலையிலிருந்து அவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே நேரடியாகத் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அது விளையாடும் பிள்ளைகளின் பணம். அவர்களை யாரிடமாவது தள்ளிவிடக் கோச் கை நீட்டுவதை இந்த மாற்றம் எதுவும் அனுமதிக்கவில்லை. சொல்லப்போனால் பத்தொன்பது வயதுப் பையன்கள் கையில் பணம் வந்ததும்தான் அவர்களைச் சுற்றி இப்படிப்பட்ட டின்னர்கள் கூடியிருக்கின்றன.

சிறை ஒருபுறம் இருக்கட்டும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.விடம் ‘ஷோ காஸ்’ என்றொரு தண்டனை உண்டு. அது நீடிக்கும் காலத்தில் அதைப் பெற்ற கோச்சை வேலைக்கு எடுக்க நினைக்கும் பல்கலைக்கழகம், அவர்மீதான கட்டுப்பாடுகளைத் தானும் சுமக்க வேண்டும், அல்லது ஏன் சுமக்க வேண்டியதில்லை என்று என்.சி.ஏ.ஏ. முன் போய் நின்று காரணம் சொல்ல வேண்டும். யார் அந்தத் தலைவலியை விலைக்கு வாங்குவார்கள்? ரிச்சர்ட்சனுக்கும் எவன்ஸுக்கும் தலா பத்து ஆண்டு விதித்தார்கள்.

உங்கள் மகன் அந்த ஆளுக்கு இனிப் பதில் போட வேண்டாம். வந்திருக்கும் மெசேஜ் எதையும் அழிக்கவும் வேண்டாம். பயத்தில் அழிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. இரண்டு டின்னர் ஏற்கெனவே ஆகிவிட்டதால், ஓஹாயோவில் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் தானே போய்ச் சொல்லட்டும். இரண்டு வேளைச் சாப்பாடு தானாகப் பெரிய விவகாரம் ஆகாது, மறைத்தால் ஆகும். இன்னொன்று, உங்களுக்குக் கசப்பாக இருக்கும். அவர் வேறு ஏதாவது வாங்கியிருந்தால் அதை உங்களிடம் சொல்ல வேண்டாம். வழக்கறிஞரிடம் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அம்மாவிடம் பேசியதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. நாளை உங்களையே சாட்சிக்குக் கூப்பிட இடமிருக்கிறது.

ஆறு வருஷ சர்வீஸ்

உங்கள் கணவரின் அலுவலகத்தில் ஆறு வருஷத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும். கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்கு ஒன்றும் மதிப்பில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஏணி மாதிரித்தான் தெரியும். மாணவ மேனேஜர், கிராஜுவேட் அசிஸ்டென்ட், வீடியோ கோஆர்டினேட்டர், பயணம் ஹோட்டல் ஏற்பாடுகளைப் பார்க்கும் ஆபரேஷன்ஸ் டைரக்டர், அசிஸ்டென்ட் கோச், அசோசியேட் ஹெட் கோச், மேலே ஹெட் கோச். ஆனால் அந்த ஏணி நிற்பது ஹெட் கோச்சின் தோளில். அவர் வேறு ஊருக்குப் போனாலோ, மார்ச்சில் இரண்டு ஆட்டம் தோற்று அவரை அனுப்பிவிட்டாலோ, அந்த அறையில் இருக்கும் எல்லோரும் பெட்டி கட்ட வேண்டும். புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆண்டுதோறும் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் நடக்கும் ஊரிலேயே பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடும் நடக்கும். அந்த ஹோட்டல் லாபிக்குப் போய்ப் பாருங்கள். நல்ல கோட்டுப் போட்ட முப்பது வயதுக்காரர்கள் கையில் காபியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் வேலை தேடி வந்தவர்கள்.

வீடியோ கோஆர்டினேட்டரின் வேலை என்னவென்று பையன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். வியாழன் இரவு வெளியூர் ஆட்டம் ஒன்பது மணிக்கு முடிகிறது. பஸ்ஸில் ஆட்டக்காரர்கள் பீட்சா சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இவர் மடியில் லேப்டாப். அன்றைய ஆட்டத்தில் பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று குறியிட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார். விடிவதற்குள் ஹெட் கோச்சுக்கு ‘பிக் அண்ட் ரோலில் நம்ம டிஃபென்ஸ்’ மட்டும் தனியாக வேண்டும். அது முடிந்தால் சனிக்கிழமை எதிரணி. அவர்கள் கடைசி ஐந்து ஆட்டத்தில் கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை ஆட்டத்துக்குள் எறிந்த ஒவ்வொரு முறையையும் தேடி எடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஹோட்டல் பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொள்ளும். காலையில் ஆட்டக்காரர்கள் முன்னால் நின்று அந்த கிளிப்புகளைப் போட்டு விளக்குபவர் யார்? அந்த எதிரணியை ஆராயும் பொறுப்பு, அதாவது ‘ஸ்கவுட்’, எந்த அசிஸ்டென்ட் கோச்சிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவர். உங்கள் மகன் விளக்கை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருவார்.

அவர் தாண்ட வேண்டிய இடைவெளி இதுதான். ஆட்டக்காரர்கள் முன்னால் நின்று பேசும் வாய்ப்பும், உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் வேலையும்தான் ஒருவரைக் கோச் ஆக்குகின்றன. டிவிஷன் 1-இல் நெடுங்காலம் மூன்று அசிஸ்டென்ட்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. வீடியோ பார்ப்பவர் மைதானத்தில் ஒருவனுக்குக் காலை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தாலே விதிமீறல். 2023 ஜூலையிலிருந்து கூடுதலாக இருவரைக் கோச்சாக வைத்துக்கொள்ளலாம் என்றானது. அந்த இருவரும் பயிற்சி கொடுக்கலாம், ஆள் தேடி வெளியே போகக்கூடாது. உங்கள் மகனைப் போன்றவர்களுக்காகவே போட்ட படி மாதிரி இருக்கிறது அது. ‘ஒரு வருஷத்துல ஆக்கிடுறேன்’ என்கிற ஹெட் கோச், இந்த இரண்டு இடத்தில் ஒன்றை இப்போதே ஏன் தரவில்லை? பையன் கேட்க வேண்டிய கேள்வி இது. இந்த எண்ணிக்கை விதிகள் அடிக்கடி மாறுகிறவை என்பதால், இன்றைய நிலையைப் புதிய இடத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

தண்ணி பாட்டில் தூக்கியதைப் பற்றி வருத்தப்படாதீர்கள். லாரன்ஸ் ஃபிராங்க் என்று ஒருவர், உங்கள் நியூஜெர்சிக்காரர். இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் பாபி நைட்டின் அணியில் மாணவ மேனேஜராக இருந்தவர். கல்லூரி அணிகளில் அசிஸ்டென்ட் கோச்சாக வேலை பார்த்து, என்.பி.ஏ.வுக்குப் போய், 2004-இல் நியூஜெர்சி நெட்ஸ் அணிக்கே ஹெட் கோச் ஆனார். முதல் பதின்மூன்று ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்தார்.

எல்லோரும் உச்சிக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பில் கத்ரிஜ், ஹெட் கோச் டீன் ஸ்மித்திடம் முப்பது ஆண்டு உதவியாளராகவே இருந்தார். 1997-இல்தான் ஹெட் கோச். மூன்றே ஆண்டு இருந்து, அதில் இரண்டு முறை அணியை ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோய்விட்டு ஓய்வு பெற்றார். கனெக்டிகட் பெண்கள் அணியில் கிறிஸ் டெய்லி 1985-இலிருந்து ஹெட் கோச் ஜீனோ ஆரியம்மாவின் பக்கத்திலேயே இருக்கிறார். நல்ல முதலாளி ஒருவர் கிடைத்தால் இரண்டாம் நாற்காலியும் ஒரு முழு வாழ்க்கைதான். முதலாளி நல்லவரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். நாலு பேரில் மூன்று பேர் இந்தத் தொழிலையே விட்டுப் போயிருந்தால் அதுவும் பதில்தான்.

வெள்ளிக்கிழமை ராஜினாமா

இதைக் கட்டாயம் நிறுத்துங்கள். காரணமாக ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2007-இல் டப்பி ஸ்மித் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச்சாகப் போனார். ஓக்லஹோமா ஸ்டேட்டில் அசிஸ்டென்ட் கோச்சாக இருந்த ஜிம்மி வில்லியம்ஸை ஃபோனில் அழைத்தார். சம்பளம் 1,75,000 டாலர் என்று பேச்சு. வில்லியம்ஸ் இருந்த வேலையை ராஜினாமா செய்தார். அதன்பிறகு மின்னசோட்டாவின் விளையாட்டுத் துறை இயக்குநர், வில்லியம்ஸ் முன்பு அதே பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்து விதிமீறல்களைக் காட்டி, இவரை எடுக்க முடியாது என்றுவிட்டார். அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

வில்லியம்ஸ் வழக்குப் போட்டார். ஜூரி அவருக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது. ஆனால் 2012-இல் மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப்போட்டது. அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை பேசும்போது, எதிரில் பேசுபவருக்கு அந்த வேலையைத் தரும் அதிகாரம் உண்டா என்று விசாரித்துக்கொள்வது உன் பொறுப்பு, அதில் உன்னைக் காக்கும் கடமை ஹெட் கோச்சுக்கு இல்லை என்பதுதான் அதன் சாரம். ஐந்து வருஷம் வழக்காடியும் ஒரு காசு வரவில்லை. வில்லியம்ஸ் புதிய ஆளும் இல்லை, பல பத்தாண்டு அனுபவம் உள்ள பயிற்சியாளர்.

உங்கள் மகனுடைய கோச் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். வேலை தருவது அவரில்லையே. பல்கலைக்கழகத்தின் ஹெச்.ஆர். கடிதம் வந்து, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போடும்வரை ஓஹாயோ வேலையை விடக்கூடாது. “கடிதம் கேட்டால் கோச் தப்பா நினைப்பார்” என்று பையன் சொல்வார். அந்தக் கோச் தனக்காக ஓர் ஏஜென்டை வைத்து, பக்கம் பக்கமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார். நிச்சயம் புரிந்துகொள்வார்.

34,000 டாலரும் எழுபது மணி நேரமும்

‘கோச் வேலைன்னா ஓவர்டைம் கிடையாதாமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் ஆசிரியர்களுக்கு ஓவர்டைம் இல்லை. விளையாட்டைக் கற்றுத்தருவது முதன்மை வேலை என்றால் கோச்சும் ஆசிரியர் கணக்கில் வருவார். ஆனால் உங்கள் மகன் இதுவரை யாருக்கும் எதையும் கற்றுத்தர அனுமதிக்கப்படவில்லை. வீடியோ வெட்டினார். அப்படிப்பட்ட அலுவலக ஊழியருக்கு ஓவர்டைம் மறுக்க வேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, வாரச் சம்பளம் குறைந்தது 684 டாலர் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 35,568. 2024-இல் இதை உயர்த்திய விதியை அதே ஆண்டு நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் பழைய வரம்பே நிற்கிறது. 34,000-ஐ 52-ஆல் வகுத்தால் 654. வரம்புக்குக் கீழே. நாற்பதுக்கு மேல் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு, அல்லது அரசு நிறுவனம் என்பதால் அதற்கு ஈடான விடுப்பு, அவருக்குச் சேர வேண்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கேட்கக் காலவரம்பு இரண்டு ஆண்டு. தெரிந்தே மறுத்தார்கள் என்று நிறுவினால் மூன்று.

உடனே புகார் கொடுக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கேட்டதற்காகப் பழிவாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன உலகம் இது. இப்போதைக்குப் பயண அட்டவணை, மெயில் அனுப்பிய நேரங்கள் இவற்றை வைத்துத் தன் வேலை நேரத்தை அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தின் மீது எங்கே, எப்படிக் கேட்பது என்பதில் சிக்கல்கள் உண்டு. டின்னர் விஷயத்துக்காகப் பார்க்கும் அதே வழக்கறிஞரிடம் இதையும் கேட்கலாம்.

இந்தத் தொழிலில் கீழ்ப்படிக்காரர்கள் ஒருமுறை ஜெயித்தும் இருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் என்.சி.ஏ.ஏ., செலவைக் குறைக்கிறோம் என்று, நான்காவது பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் எந்தப் பல்கலைக்கழகமும் தரக்கூடாது என்று விதி போட்டது. நார்மன் லா என்ற பயிற்சியாளரும் சிலரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். எல்லோரும் கூடிப் பேசிச் சம்பளத்துக்கு வரம்பு கட்டுவது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மறு ஆண்டு 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு என்.சி.ஏ.ஏ. சமரசம் செய்துகொண்டது. இன்றைக்கு அசிஸ்டென்ட்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம்.

எந்த வேலை?

இருக்கிற நிலையில் என் ஓட்டு பென்சில்வேனியாவுக்கு. ஏழாயிரம் டாலர் குறைவுதான், ஆனால் வாடகை இல்லை. அதைவிட முக்கியம், அங்கே போன முதல் நாளே அவர் கோச். ஸ்கவுட் அவர் பெயரில் இருக்கும், பையன்களைத் தேடிப் போவார், ஹெட் கோச்சுக்குக் காய்ச்சல் வந்தால் பயிற்சியை நடத்துவார். சேர்ந்தாற்போல் வேன் ஓட்டுவதும் ஜெர்சி துவைக்கப் போடுவதும் இருக்கும். என்.பி.ஏ.வின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை 2024-இல் சாம்பியன் ஆக்கிய ஜோ மசூலா, மேற்கு வர்ஜீனியாவில் க்ளென்வில் ஸ்டேட், ஃபேர்மான்ட் ஸ்டேட் என்ற இரண்டு டிவிஷன் 2 கல்லூரிகளில் இருந்து மேலே வந்தவர். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்து மேலே வர வழி அடைபடவில்லை என்பதற்குத்தான் சொன்னேன்.

கோச்சோடு போவதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு வருஷமாக இவரை அறிந்த ஒரே பெரிய மனிதர் அவர்தான். அவர் பேசும் ஒரு ஃபோன்காலுக்கு மதிப்பு உண்டு. ஆகவே அவர் பத்து நாளைக்குள் கூடுதல் கோச் இடம் ஒன்றை எழுத்தில் வாங்கித் தந்தால் நான் கட்சி மாறிவிடுவேன். வெறும் ஆபரேஷன்ஸ் என்றால், 29 வயதில் ஹோட்டல் ரூமும் பஸ்ஸும் புக் செய்வதில் கைதேர்ந்தவராக இருப்பார். அந்த வேலையில் கெட்டிக்காரரை யாரும் லேசில் விடமாட்டார்கள் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

எந்தக் கடிதமாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் இவற்றைப் பார்க்கட்டும்:

• பதவியின் பெயர் மட்டும் போதாது. ‘பயிற்சி கொடுக்கும் பணி’ என்று கடமைகளில் இருக்கிறதா?

• ஹெட் கோச் போனால் இவர் வேலை என்ன ஆகும்? பல ஒப்பந்தங்களில் அவர் போன சில வாரங்களில் இவர் வேலையும் முடியும். எத்தனை நாள் சம்பளம் தருவார்கள் என்பதைக் கேட்டு வாங்க முடியும். இந்த ஒரு வரிக்காகப் பேரம் பேசுவதில் வெட்கமே வேண்டாம்.

• நடுவில் விலகினால் இவர் பணம் கட்ட வேண்டுமா?

• கோடைக்கால கேம்ப் வருமானத்தில் பங்கு உண்டா? சின்னக் கல்லூரிகளில் சம்பளத்துக்கு ஈடு கட்டுவது அதுதான். வெளி வருமானத்தை எழுத்தில் தெரிவிக்கும் நிபந்தனையும் பக்கத்திலேயே இருக்கும்.

• மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது? 26 தாண்டிவிட்டதால் உங்கள் பாலிசியில் அவர் இல்லை. இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு மாசம் ஓட்டை விழுந்தாலும் முட்டி பிசகுவது அந்த மாசத்தில்தான்.

அப்பாவும், பெண் வீட்டாரும்

உங்கள் கணவரிடம் சோனியா ராமனைப் பற்றிச் சொல்லுங்கள். இந்திய வம்சாவளிப் பெண். சட்டம் படித்து அமெரிக்கத் தொழிலாளர் துறையில் வேலை பார்த்தவர். கல்லூரி அணியில் அசிஸ்டென்ட் கோச்சாக இருந்து, எம்.ஐ.டி. பெண்கள் அணிக்கு 2008-இலிருந்து 12 ஆண்டு ஹெட் கோச்சாக இருந்தார். 2020-இல் என்.பி.ஏ.வின் மெம்ஃபிஸ் அணி அவரை அசிஸ்டென்ட் கோச்சாக எடுத்துக்கொண்டது. 2025-இல் பெண்கள் தொழில்முறை லீகின் சியாட்டில் ஸ்டார்ம் அணிக்கு ஹெட் கோச். புள்ளியியல் பட்டமும் எங்கும் ஓடிவிடாது. இன்றைக்கு ஒவ்வொரு பெரிய அணியும் எண்களைப் படிக்கத் தெரிந்த கோச்சைத் தேடுகிறது.

பெண் வீட்டாரிடம் ‘கல்லூரியில் கோச்’ என்று தலை நிமிர்ந்தே சொல்லலாம். மறைக்கக்கூடாதது வேறு இரண்டு: நவம்பரிலிருந்து மார்ச் வரை வீட்டில் மாப்பிள்ளை இருக்க மாட்டார், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டிவரலாம். இதை முதல் சந்திப்பிலேயே, அந்தப் பெண்ணிடமே, உங்கள் மகன் சொல்லட்டும்.

பத்து நாளில் எத்தனை நாள் போயிற்று என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பென்சில்வேனியாவிடம் இன்னொரு வாரம் கேட்டால் தப்பில்லை, பெரும்பாலும் தருவார்கள். ஆனால் இன்றிரவு அவரை அழைக்கும்போது வேலையைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ராஜினாமா வேண்டாம், அந்த அட்வைசரின் மெசேஜை அழிக்க வேண்டாம். இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட்டானா என்று கேட்டு ஃபோனை வையுங்கள்.